சோதனைத் தளத்துக்குக் கதவு எங்கே இருக்க வேண்டும்?

சொந்தமாக ஒரு சர்வர் வைத்திருப்பவர்களிடம் இன்னும் வெளியிடாத தளம் ஒன்றாவது இருக்கும். புதிய வடிவமைப்பை ஓட்டிப் பார்ப்பதற்கோ, ஒரு மென்பொருளின் அடுத்த பதிப்பை நிறுவிப் பழகுவதற்கோ, பாதியில் இருக்கும் வேலையை இரண்டு மூன்று பேருக்குக் காட்டுவதற்கோ அதை வைத்திருப்பார்கள். அதை எப்படிப் பூட்டி வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டால், "முகவரி யாருக்கும் தெரியாது, எங்கிருந்தும் இணைப்புக் கொடுக்கவில்லை, யார் வரப்போகிறார்கள்?" என்பதுதான் பெரும்பாலும் கிடைக்கும் பதில். ஒரு காலத்தில் இது ஓரளவுக்கு எடுபட்டது. இன்று எடுபடாமல் போனதற்கு, நம்முடைய பாதுகாப்புக்காகவே செய்யப்பட்ட ஓர் ஏற்பாடும் ஒரு காரணம் என்பது வேடிக்கையானது.

2011-இல் தளம் உண்மையானதுதான் என்று உலாவிக்கு உறுதிசெய்யும் சான்றிதழ்களை வழங்கிவந்த, நெதர்லாந்தைச் சேர்ந்த டிஜிநோட்டர் என்ற நிறுவனத்துக்குள் ஊடுருவியவர்கள், கூகுள் உட்படப் பல தளங்களின் பெயரில் போலிச் சான்றிதழ்களை எடுத்துக்கொண்டார்கள். உரிமையாளருக்கே தெரியாமல் அவருடைய பெயரில் சான்றிதழ் வழங்கப்படலாம் என்ற ஓட்டையை அடைப்பதற்காக, வழங்கப்படும் ஒவ்வொரு சான்றிதழையும் யார் வேண்டுமானாலும் பார்க்கக்கூடிய பொதுப் பதிவேடுகளில் எழுதிவைக்கும் முறை உருவானது. சர்டிஃபிகேட் டிரான்ஸ்பரன்சி என்று அழைக்கப்படும் இதன் வரையறை, இணைய நெறிமுறைகளை விவரிக்கும் ஆர்எஃப்சி ஆவண வரிசையில் 2013-இல் ஆர்எஃப்சி 6962-ஆக வெளிவந்தது. 2018 ஏப்ரல் 30-க்குப் பிறகு வழங்கப்பட்ட சான்றிதழ்களுக்குக் குரோம் உலாவி இதைக் கட்டாயமாக்கியது. அதே ஆண்டு அக்டோபரில் ஆப்பிளும் தொடர்ந்தது. போலிச் சான்றிதழைக் கண்டுபிடிக்க இது அருமையான கருவிதான். ஆனால், "சோதனை" என்று தொடங்கும் ஒரு துணை டொமைனுக்கு இலவசமாக வழங்கும் லெட்ஸ் என்கிரிப்ட் அமைப்பிடம் நீங்கள் சான்றிதழ் வாங்கிய உடனேயே, அந்தப் பெயரும் உலகறியப் பதிவாகிவிடுகிறது. இந்தப் பதிவேடுகளை நேரலையாகப் படித்துக்கொண்டே இருக்கும் தானியங்கி நிரல்கள் ஏராளம். புதிய பெயரைக் கண்டதும் அவை கதவைத் தட்ட வந்துவிடுகின்றன.

நம்பாதவர்கள், சான்றிதழ் வாங்கிய கையோடு சர்வரின் அணுகல் பதிவைத் திறந்து வைத்துக்கொண்டு பார்க்கலாம். நீங்களே இன்னும் உலாவியில் தளத்தைத் திறந்திருக்க மாட்டீர்கள். அதற்குள் வேர்ட்பிரஸ் நுழைவுப் பக்கத்தைக் கேட்டு ஒரு வரி, கடவுச்சொற்களைப் போட்டுவைக்கும் "டாட் என்வ்" கோப்பைக் கேட்டு ஒரு வரி, மூலநிரலின் முழு வரலாற்றையும் தாங்கியிருக்கும் "டாட் கிட்" கோப்புறையின் அமைப்புக் கோப்பைக் கேட்டு ஒரு வரி என்று வரிசையாக விழத் தொடங்கியிருக்கும். வந்தது மனிதர்களல்ல. உங்கள்மேல் அவற்றுக்குத் தனிப்பட்ட அக்கறையும் இல்லை. எல்லோரிடமும் கேட்பதை உங்களிடமும் கேட்கின்றன, அவ்வளவுதான்.

நட்சத்திரக் குறியிட்ட பொதுச் சான்றிதழை வாங்கினால் துணை டொமைனின் பெயர் பதிவேட்டில் ஏறாது. லெட்ஸ் என்கிரிப்ட் 2018 மார்ச் முதல் அதை வழங்குகிறது. டொமைன் பெயரை ஐபி முகவரியோடு இணைக்கும் டிஎன்எஸ் பதிவுகள் வழியாக உரிமையை நிரூபித்தால் போதும். அதைச் செய்வதில் தவறில்லை, நானும் செய்கிறேன். ஆனால் அதனால் மறைவது பெயர் மட்டும்தான், சர்வர் மறைவதில்லை. ஐபி நான்காம் பதிப்பில் மொத்தமே சுமார் 430 கோடி முகவரிகள்தாம். 2013-இல் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட சீமேப் என்ற கருவி, ஒரு கிகாபிட் இணைப்புள்ள ஒரே கணினியிலிருந்து அந்த முகவரிகள் அனைத்திலும் ஒரு குறிப்பிட்ட போர்ட்டை (சேவைக்கு ஒன்றாகச் சர்வரில் இருக்கும் எண்ணிட்ட வாசலை) 45 நிமிடத்துக்குள் தட்டிப் பார்த்துவிட்டது. இதைவிட வேகமான கருவிகளும் பின்னால் வந்துவிட்டன. ஆகவே பெயரைச் சொல்லாமல் வெறும் எண்முகவரியைக் கேட்டு வருபவர்களுக்கு உங்கள் சர்வர் என்ன காட்டுகிறது என்பது முக்கியமான கேள்வி.

தளத்தின் பக்கங்களை எடுத்துத் தரும் வெப்சர்வர் மென்பொருள்களில் ஒன்றான எஞ்சின்எக்ஸில் இதற்கான விடை பலரையும் திடுக்கிட வைக்கும். எந்தத் தளத்தின் பெயரோடும் பொருந்தாத கோரிக்கை வந்தால், இயல்பிருப்பு (டீஃபால்ட்) எது என்று நாம் குறிப்பிடாதவரை, அமைப்பில் முதலில் எழுதப்பட்டிருக்கும் தளத்தையே அது எடுத்துக் கொடுத்துவிடும். அமைப்புக் கோப்புகள் அகர வரிசைப்படி சேர்க்கப்படும்போது, யாருக்கும் தெரியாது என்று நீங்கள் நம்பிய தளமே அந்த முதலிடத்தில் உட்கார்ந்திருக்கக்கூடும். மற்றொரு வெப்சர்வரான அப்பாச்சியிலும் முதலில் வரும் மெய்நிகர் தளம்தான் இயல்பிருப்பு. இதற்கு மாற்று, எதையும் காட்டாமல் இணைப்பை முறித்துவிடும் ஒரு வெற்றுத் தளத்தை இயல்பிருப்பாக வைப்பதுதான். எஞ்சின்எக்ஸில் 444 என்ற தனிக்குறியீடு பதிலே சொல்லாமல் இணைப்பை மூடிவிடுகிறது. மறையாக்கப்பட்ட எச்டிடிபிஎஸ் இணைப்பில், தொடக்கத்தில் இரு பக்கமும் கைகுலுக்கும்போது காட்டப்படும் சான்றிதழே தளத்தின் பெயரைச் சொல்லிவிடும் என்பதால், கைகுலுக்கலையே மறுக்கும் கட்டளையை 1.19.4 பதிப்பிலிருந்து தந்திருக்கிறார்கள்.

தேடுபொறிகளைப் பொறுத்தவரை, எந்தப் பக்கங்களுக்கு வர வேண்டாம் என்று அவற்றிடம் சொல்லும், பலர் நம்பியிருக்கும் ரோபோட்ஸ் கோப்பைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். 1994-இல் மார்ட்டின் கோஸ்டர் முன்மொழிந்த இந்த வழக்கம், 28 ஆண்டுகள் கழித்து 2022-இல் ஆர்எஃப்சி 9309-ஆக முறையான வரையறை பெற்றது. இது அணுகலைக் கட்டுப்படுத்தும் ஏற்பாடு அல்ல என்பதை அந்த ஆவணமே சொல்கிறது. கதவில்லாத வாசலில் "உள்ளே வராதீர்" என்று எழுதி வைத்த பலகை அது. மரியாதை தெரிந்தவர்கள் திரும்பிப் போவார்கள், மற்றவர்களுக்கு உள்ளே ஏதோ இருக்கிறது என்ற தகவல் இலவசமாகக் கிடைக்கும். இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. பட்டியலில் சேர்க்காதே என்ற குறிப்பைத் தேடுபொறி படிக்க வேண்டுமானால் அது பக்கத்தைத் திறந்தாக வேண்டும். ரோபோட்ஸ் கோப்பில் தடுத்துவிட்டால் அந்தக் குறிப்பை அது பார்க்கவே பார்க்காது. வேறெங்கிருந்தாவது ஓர் இணைப்பு இருந்தால், உள்ளடக்கம் தெரியாமலேயே முகவரி மட்டும் தேடல் முடிவில் வந்து நிற்கும்.

சோதனைத் தளம்தானே, அதில் எடுத்துப் போக என்ன இருக்கிறது என்ற கேள்விக்கு வருகிறேன். நேரலைத் தளத்தைவிடச் சோதனைத் தளத்தில்தான் கசிவதற்கு அதிகம் இருக்கிறது. பிழை நேர்ந்தால் கோப்பின் இருப்பிடம், வரி எண், தரவுத்தள விவரம், சில சமயம் சூழல் மாறிகள் என்று எல்லாவற்றையும் திரையில் கொட்டிவிடும் டீபக் நிலையில் அது ஓடிக்கொண்டிருக்கும். உண்மையான தரவு இல்லாமல் சரியாகச் சோதிக்க முடியவில்லை என்று நேரலைத் தரவுத்தளத்தின் நகல் அதில் ஏற்றப்பட்டிருக்கும். புதுப்பிக்க வேண்டும் என்ற நினைப்பு யாருக்கும் வந்திருக்காது. 2015 செப்டம்பர் இறுதியில், படைப்பாளிகளுக்கு ரசிகர்கள் பணம் தர வழிசெய்யும் பேட்ரியான் நிறுவனத்தின் பயனர் தரவு களவுபோனதை இதற்கு உதாரணமாகச் சொல்லலாம். பொதுமக்கள் பார்வைக்குத் திறந்து கிடந்த, தங்கள் தளத்தின் டீபக் பதிப்பு ஒன்றின் வழியாகவே அது நடந்தது என்று அந்த நிறுவனமே அறிவித்தது. நேரலை அல்லாத சர்வர்கள் அனைத்தையும் ஃபயர்வாலுக்குப் பின்னால் கொண்டுபோய்விட்டதாகவும் சொன்னது. பெரிய நிறுவனத்துக்கு நடந்தது நமக்கு நடக்காது என்று ஆறுதல் கொள்ள முடியாது. திறந்து கிடப்பதைத் தேடும் நிரலுக்குப் பெரியது சிறியது என்ற வேறுபாடு கிடையாது.

எப்படிப் பூட்டுவது என்று யோசிப்பதற்கு முன்னால், அந்தத் தளத்தை யார் பார்க்க வேண்டும் என்று தீர்மானித்துக்கொள்வது நல்லது. நீங்கள் ஒருவர் மட்டும் பார்க்க வேண்டுமானால், அது இணையத்தில் இருக்க வேண்டிய அவசியமே இல்லை. இது எளிய உண்மை. ஆனால் பெரும்பாலானோர் இந்த இடத்தைத் தாண்டிப் போய், கடவுச்சொல்லைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுகிறார்கள். தளத்தைச் சர்வரின் உள்முகவரியான 127.0.0.1-இல் மட்டும் கேட்கும்படி வைத்துவிட்டால் வெளியிலிருந்து யாராலும் அதை எட்ட முடியாது. உங்களுக்கு வேண்டும்போது, சர்வரைத் தொலைவிலிருந்து பாதுகாப்பாக இயக்கப் பயன்படும் எஸ்எஸ்எச் இணைப்பின் ஊடாக ஒரு சுரங்கப்பாதை போட்டு, உங்கள் கணினியின் 8080 போர்ட்டைச் சர்வரின் 8080 போர்ட்டோடு இணைத்துக்கொள்ளலாம். ஒரே ஒரு கட்டளை வரிதான். ஏற்கெனவே சர்வரைக் காக்கும் எஸ்எஸ்எச் சாவியே இதற்கும் காவல். புதிதாக ஒரு கடவுச்சொல்லோ சான்றிதழோ தேவையில்லை.

இந்த வழியில் சின்னச் சின்ன இடைஞ்சல்கள் வரும். வேர்ட்பிரஸ் போன்ற மென்பொருள்கள் தளத்தின் முழு முகவரியைத் தரவுத்தளத்திலேயே எழுதி வைத்துக்கொள்வதால், உங்கள் கணினியையே குறிக்கும் லோக்கல்ஹோஸ்ட் என்ற பெயரில் திறந்தாலும் உண்மையான பெயருக்கே உங்களைத் திருப்பிவிடும். எந்தப் பெயர் எந்த முகவரிக்குப் போக வேண்டும் என்று எழுதிவைக்கும் உங்கள் கணினியின் ஹோஸ்ட்ஸ் கோப்பில் அந்தப் பெயரை 127.0.0.1-க்குக் காட்டி, அதே போர்ட்டையும் பயன்படுத்தினால் இது தீர்ந்துவிடும். அப்படிச் செய்யும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். லோக்கல்ஹோஸ்ட் என்ற பெயரை எச்டிடிபிஎஸ் இல்லாவிட்டாலும் உலாவிகள் பாதுகாப்பான சூழலாக ஏற்றுக்கொள்கின்றன; ஹோஸ்ட்ஸ் கோப்பில் நீங்கள் சேர்த்த பெயருக்கு அந்தச் சலுகை கிடையாது. சர்வீஸ் வொர்க்கர் (உலாவியின் பின்னணியில் ஓடும் நிரல்), கேமரா அனுமதி போன்றவற்றைச் சோதிப்பவர்களுக்கு இது இடிக்கும்.

செயலிகளைக் கண்டெய்னர் எனும் தனித்தனிப் பெட்டிகளுக்குள் ஓட்டும் டாக்கரைப் பயன்படுத்துபவர்கள் இங்கே தனியாக ஒரு நிமிடம் நிற்க வேண்டும். கண்டெய்னரைத் தொடங்கும்போது 8080:80 என்று போர்ட்டைத் திறந்தால், அது சர்வரின் எல்லா முகவரிகளிலும் திறக்கப்படுகிறது. யுஎஃப்டபிள்யூ ஃபயர்வாலில் அந்தப் போர்ட்டை மூடித்தானே வைத்திருக்கிறோம் என்று நினைப்போம். ஆனால் டாக்கர் தன் விதிகளை, லினக்ஸின் அடிப்படைப் பொட்டல விதி அட்டவணையான ஐபிடேபிள்ஸில் நேரடியாக எழுதுகிறது. வரும் பொட்டலங்கள் யுஎஃப்டபிள்யூவின் விதிகளைச் சந்திக்கும் முன்பே கண்டெய்னருக்குத் திருப்பிவிடப்படுகின்றன. ஃபயர்வாலின் நிலையைக் கேட்டால் மூடியிருக்கிறது என்றே காட்டும். தளமோ உலகம் முழுவதற்கும் திறந்திருக்கும். தீர்வு சிறியது: 127.0.0.1:8080:80 என்று முன்னால் முகவரியையும் சேர்த்து எழுத வேண்டும். முன்னால் எஞ்சின்எக்ஸ் வைத்து அதில் கடவுச்சொல் கேட்பவர்களுக்கும் இது பொருந்தும். பின்னால் இருக்கும் கண்டெய்னரின் போர்ட் நேரடியாகத் திறந்திருந்தால், முன்வாசல் பூட்டினால் என்ன பயன்?

கைபேசியிலும் பார்க்க வேண்டும், இரண்டு மூன்று கணினிகளிலிருந்தும் பார்க்க வேண்டும் என்றால் சுரங்கப்பாதை தொல்லையாகிவிடும். அப்போது, உங்கள் சாதனங்களையும் சர்வரையும் மட்டும் தனி வலையமைப்பாக இணைக்கும் விபிஎன் வகையான வயர்கார்டு பொருத்தமானது. 2020 மார்ச்சில் வெளியான லினக்ஸ் 5.6 கெர்னலிலிருந்து இது உள்ளேயே வருகிறது. சரியான சாவி இல்லாதவர் அனுப்பும் பொட்டலத்துக்கு அது எந்தப் பதிலும் தருவதில்லை. தட்டிப் பார்ப்பவருக்கு அங்கே ஒரு கதவு இருப்பதே தெரியாது. வெப்சர்வரை வயர்கார்டின் தனி முகவரியில் மட்டும் கேட்க வைத்துவிட்டால் போதும். சர்வர் மறுதொடக்கமாகும்போது வயர்கார்டு எழுவதற்கு முன் எஞ்சின்எக்ஸ் எழுந்துவிட்டால், இல்லாத முகவரியில் கேட்க முயன்று தோற்று நின்றுவிடும் என்பதால், தொடக்க வரிசையை மட்டும் சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

சாவியோ செயலியோ நிறுவச் சொல்ல முடியாத ஒருவருக்குத் தளத்தைக் காட்ட வேண்டியிருக்கும்போதுதான் கடவுச்சொல்லுக்கு உண்மையான தேவை வருகிறது. எச்டிடிபியின் அடிப்படை அங்கீகாரம், அதாவது பேசிக் ஆத், மிகப் பழையது. 1996-இல் வெளிவந்த எச்டிடிபி 1.0 ஆவணத்திலேயே இருக்கிறது. அழகில்லாத அந்தச் சின்னச் சாளரத்தைப் பார்த்துப் பலர் இதை ஏளனமாக ஒதுக்குகிறார்கள். என் கணிப்பில், தனிப்பட்ட சோதனைத் தளத்துக்கு இதைவிடப் பொருத்தமான பூட்டு வேறில்லை. காரணம் அதன் வலிமையைவிட, அது நிற்கும் இடம்தான். செயலிக்குள் நாம் எழுதும் நுழைவுப் பக்கம், அந்தச் செயலி கையாளும் பக்கங்களை மட்டுமே காக்கும். பதிவேற்றிய படங்கள், பிடிஎஃப் கோப்புகள், மறந்துபோன காப்புப் பிரதிகள் ஆகியவற்றை வெப்சர்வர் செயலியைக் கேட்காமல் தானே எடுத்துக் கொடுத்துவிடும். செயலியிலேயே ஓட்டை இருந்தால், அதன் நுழைவுப் பக்கத்தை நம்பியும் பயனில்லை. வெப்சர்வரில் வைக்கும் பூட்டோ, சோதனையில் இருக்கும் நிரலின் ஒரு வரிகூட ஓடுவதற்கு முன்பே வந்தவரைத் தடுத்துவிடுகிறது.

அது நடக்கும் விதம் எளிது. முதல் கோரிக்கைக்குச் சர்வர் 401 என்று பதில் சொல்லி, அடையாளம் காட்டும்படி கேட்கிறது. உலாவி பயனர்பெயரையும் கடவுச்சொல்லையும் நடுவில் முக்காற்புள்ளி வைத்து ஒட்டி, பேஸ்64 முறையில் எழுதி, ஆதரைசேஷன் என்ற தலைப்பு வரியில் வைத்து மறுபடி அனுப்புகிறது. பேஸ்64 என்பது எழுத்துமாற்றம் மட்டுமே, மறையாக்கம் அல்ல. யார் வேண்டுமானாலும் ஒரு நொடியில் திருப்பிப் படித்துவிடலாம். எனவே எச்டிடிபிஎஸ் இல்லாமல் இதைப் பயன்படுத்துவது, பொது இடத்தில் கடவுச்சொல்லை உரக்கச் சொல்வதற்குச் சமம். மறையாக்கமில்லாத எச்டிடிபிக்கான 80-ஆம் போர்ட்டுக்கு வருபவரைக் கடவுச்சொல் கேட்காமலேயே எச்டிடிபிஎஸுக்கான 443-க்குத் திருப்பிவிட வேண்டும்; திருப்பிய பிறகுதான் கேட்க வேண்டும்.

உலாவி இந்தத் தலைப்பு வரியை ஒருமுறையோடு நிறுத்திக்கொள்வதில்லை. ஒவ்வொரு கோரிக்கையோடும் அனுப்புகிறது. ஒரு பக்கத்தில் ஐம்பது படங்கள் இருந்தால் சர்வர் ஐம்பது முறை கடவுச்சொல்லைச் சரிபார்க்க வேண்டும். கடவுச்சொல் கோப்பை உருவாக்கும் எச்டிபாஸ்டபிள்யூடி கருவியில், கடவுச்சொல்லை மீட்க முடியாத வடிவத்துக்கு மாற்றிச் சேமிக்கும் பிகிரிப்ட் முறையைத் தேர்ந்தெடுப்பது நல்லது என்று எல்லோரும் சொல்வார்கள், சரிதான். ஆனால் ஒவ்வொரு சரிபார்ப்புக்கும் எவ்வளவு கணக்கு போட வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் அதன் செலவு எண்ணை 5 என்ற இயல்பிருப்பிலிருந்து 14, 15 என்று ஏற்றிவிட்டால், தளம் ஏன் தவழ்கிறது என்று வேறெங்கோ காரணம் தேடிக்கொண்டிருப்பீர்கள். ஒவ்வோர் எண் கூடும்போதும் வேலை இரட்டிப்பாகிறது. இந்த இடத்தில் செலவு எண்ணைக் குறைவாக வைத்துக்கொண்டு, மனிதர் யாரும் நினைவில் வைக்க முடியாத அளவுக்கு நீளமான, தற்செயலாக உருவாக்கிய கடவுச்சொல்லைப் பயன்படுத்துவதே அறிவுடைமை. உலாவி அதை நினைவில் வைத்துக்கொள்ளும். கோப்பைத் தளத்தின் கோப்புறைக்கு வெளியே வைக்க வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லைதான். ஆனாலும், புள்ளியும் எச்டியும் சேர்ந்து தொடங்கும் கோப்புகளை அப்பாச்சி தன் வழக்கமான அமைப்பில் யாருக்கும் தராது, எஞ்சின்எக்ஸ் அப்படி எதையும் தானாகத் தடுப்பதில்லை என்பதை நினைவில் கொள்வது நல்லது.

கடவுச்சொல்லோடு ஐபி முகவரிக் கட்டுப்பாட்டையும் சேர்க்க விரும்புவோருக்கு, இரண்டு வெப்சர்வர்களும் நேரெதிராக நடந்துகொள்வது பொறியாக அமையும். எஞ்சின்எக்ஸில் முகவரி அனுமதியையும் கடவுச்சொல்லையும் ஒன்றாக எழுதினால், இயல்பாக இரண்டும் நிறைவேற வேண்டும். ஏதாவது ஒன்று போதும் என்றால் "சேட்டிஸ்ஃபை எனி" என்று தனியாகச் சொல்ல வேண்டும். அப்பாச்சி 2.4-இல் முகவரிக்கு ஒரு "ரிக்வயர்" வரியும் பயனருக்கு ஒரு "ரிக்வயர்" வரியும் அடுத்தடுத்து எழுதினால், ஏதாவது ஒன்று நிறைவேறினாலே கதவு திறந்துவிடும். இரண்டும் வேண்டுமென்றால் "ரிக்வயர்ஆல்" என்ற உறைக்குள் அவற்றை வைக்க வேண்டும். ஒன்றில் பழகிய கை மற்றொன்றில் எழுதும்போது, பூட்டு இரட்டிப்பானது என்ற நினைப்பில் பாதியாக்கிவிடும்.

முகவரிக் கட்டுப்பாட்டை மட்டும் தனியாக நம்பியிருப்பதை நான் விரும்புவதில்லை. வீட்டு இணைப்பின் முகவரி மாறிக்கொண்டே இருக்கும். பல நிறுவனங்கள் ஒரே பொது முகவரியை நூற்றுக்கணக்கான வாடிக்கையாளர்களுக்குப் பகிர்ந்து கொடுப்பதால், உங்களை அனுமதிக்கும்போது முன்பின் தெரியாத பலரையும் சேர்த்து அனுமதிக்கிறீர்கள். சர்வருக்கு ஐபி ஆறாம் பதிப்பு முகவரியும் இருந்தால், நான்காம் பதிப்புக்கு மட்டும் எழுதிய ஃபயர்வால் விதி அதைத் தடுக்காது. தளத்துக்கு முன்னால் சிடிஎன் (பக்கங்களின் நகல்களைப் பல இடங்களிலிருந்து வழங்கும் சேவை) போன்ற இடையாள் இருந்தால் நிலைமை இன்னும் குழப்பம்: வருபவர்கள் எல்லோரும் இடையாளின் முகவரியிலிருந்தே வருவதாகத் தெரியும், உண்மையான முகவரியைச் சொல்லும் தலைப்பு வரியை நம்பினால், அந்த வரியை யார் வேண்டுமானாலும் போலியாக எழுதி அனுப்பலாம். இடையாளின் முகவரிகளிலிருந்து வந்தால் மட்டுமே அந்த வரியை ஏற்பது என்று கட்டுப்படுத்தினால்தான் அதற்குப் பொருள் உண்டு.

எஞ்சின்எக்ஸில் இன்னொரு நுணுக்கம் இருக்கிறது. இதை ஆவணத்தில் தேடிப் படித்தவர்கள் குறைவு. ஒரு கோரிக்கை பல கட்டங்களைக் கடந்து செல்கிறது. முகவரியை மாற்றி எழுதும் கட்டம் முதலில், அணுகலைச் சரிபார்க்கும் கட்டம் அதற்குப் பிறகு. "ரிட்டர்ன்" கட்டளை முதல் கட்டத்தைச் சேர்ந்தது. எனவே ஓர் இடத்தில் கடவுச்சொல் வேண்டும் என்றும், அதே இடத்தில் "ரிட்டர்ன்" மூலம் ஏதோ ஒரு பதிலைக் கொடு என்றும் எழுதியிருந்தால், கடவுச்சொல்லைக் கேட்காமலேயே பதில் போய்விடும். பூட்டு வேலை செய்கிறதா என்று பார்க்க, "சரி" என்று ஒரு சொல்லைத் திருப்பியனுப்பும் சோதனை வரியை எழுதிப் பார்ப்பவர்கள் இதில்தான் சிக்குகிறார்கள். பூட்டு சரியாகவே இருக்கும், சோதித்த விதம்தான் அதை எட்டியிருக்காது.

பூட்டைப் போட்ட பிறகு, அதில் விடவேண்டிய இடைவெளிகளைப் பற்றி யோசிக்க வேண்டியிருக்கும். சான்றிதழைப் புதுப்பிக்க லெட்ஸ் என்கிரிப்ட் எச்டிடிபி வழியாக வந்து பார்க்கும் குறிப்பிட்ட பாதை திறந்திருக்க வேண்டும். அதையும் பூட்டிவிட்டால், சான்றிதழ் காலாவதியாகும் நாளில்தான் விஷயம் தெரியவரும். டிஎன்எஸ் வழியாக நிரூபிப்பவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. கட்டணச் சேவைகள் பணம் வந்ததை அறிவிக்கத் தட்டும் வெப்ஹுக் முகவரிக்கும் விலக்கு வேண்டும். அந்த முகவரி கையொப்பத்தைச் சரிபார்க்கிறது என்பது உறுதியாக இருந்தால் மட்டும். உங்கள் செயலி, உள்நுழைந்தவரை அடையாளம் காட்டும் பேரர் டோக்கனைப் பயன்படுத்தினால் இன்னும் பெரிய மோதல்: டோக்கனும் பேசிக் ஆத்தும் ஒரே ஆதரைசேஷன் தலைப்பு வரியைத்தான் கேட்கின்றன. செயலி தன் டோக்கனை அதில் வைத்து அனுப்பினால், வெப்சர்வர் அதைத் தவறான கடவுச்சொல்லாக எண்ணி 401 சொல்லும். பயனரோ கடவுச்சொல்லைத் திரும்பத் திரும்பத் தட்டிக்கொண்டிருப்பார். வேறு டொமைனிலிருந்து வரும் ஏபிஐ (நிரல்கள் தமக்குள் பேசிக்கொள்ளும் வழி) கோரிக்கைக்கு முன்னோடியாக உலாவி அனுப்பும் அனுமதிக் கேள்வியில் கடவுச்சொல் இருக்காது என்பதால், அதுவும் 401-இல் முட்டி நிற்கும். இப்படிப்பட்ட செயலிகளுக்குக் கடவுச்சொல்லை விட்டுவிட்டு வயர்கார்டுக்கோ, உலாவியில் நிறுவும் தனிச் சான்றிதழுக்கோ போவதுதான் சரி. பின்னது வலிமையானது, ஆனால் மற்றவர் கைபேசியில் அதை நிறுவச் சொல்லிக் கொடுத்தவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

401 சொல்லும் பக்கத்தைத் தேடுபொறிகள் பட்டியலில் சேர்ப்பதில்லை. எனினும் பட்டியலில் சேர்க்காதே என்ற தலைப்பு வரியையும் சேர்த்து வைப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. என்றாவது ஒருநாள் பூட்டைத் தற்காலிகமாக எடுத்துவிட்டு மறந்துபோகும் அன்று அது உதவும். எஞ்சின்எக்ஸில் அதை எழுதும்போது "ஆல்வேஸ்" என்ற சொல்லையும் சேர்க்காவிட்டால், 401, 404 போன்ற பதில்களோடு அந்த வரி போகாது. உள்ளிடத்தில் வேறொரு தலைப்பு வரியைச் சேர்த்தால், வெளியிடத்தில் எழுதியவை அங்கே செல்லாமல் போய்விடும் என்பதும் அதே எஞ்சின்எக்ஸின் குணம்.

வெளியே பூட்டியாகிவிட்டது என்பதற்காக உள்ளே அலட்சியமாக இருக்க முடியாது. நேரலைத் தரவின் நகலை வைத்திருக்கும் சோதனைத் தளம், நேரலைப் பயனர்களுக்கே மின்னஞ்சல் அனுப்பிவிடக்கூடும். வெளியிலிருந்து யாரும் வராமலேயே நடக்கும் விபத்து அது. வெளியே போகும் அஞ்சல்களை எல்லாம் பிடித்து வைத்துக்கொள்ளும் உள்ளூர் அஞ்சல் பொறி ஒன்றை வைப்பதும், நகலெடுக்கும்போதே மின்னஞ்சல் முகவரிகளை மாற்றிவிடுவதும் இதற்கு மருந்து. முதன்மைத் தளத்தின் குக்கி முழு டொமைனுக்கும் செல்லுபடியாகும்படி எழுதப்பட்டிருந்தால், அதில் உள்நுழைந்திருப்பவர் சோதனைத் துணை டொமைனைத் திறக்கும்போது அந்தக் குக்கியும் அங்கே போய்ச் சேரும். ஓட்டை உடைசலான நிரல் ஓடும் இடத்துக்கு முதன்மைத் தளத்தின் அடையாளம் போகக் கூடாது என்றால், சோதனைக்கென்று வேறொரு டொமைனை வைத்துக்கொள்வதே மேல்.

இத்தனையும் செய்தபின் பூட்டைச் சர்வருக்குள்ளிருந்தோ வீட்டு வைஃபையிலிருந்தோ சோதித்துப் பயனில்லை. அந்த முகவரிகளைத்தான் நீங்கள் ஏற்கெனவே அனுமதித்திருப்பீர்கள், உலாவியும் கடவுச்சொல்லை நினைவில் வைத்திருக்கும். வைஃபையை அணைத்துவிட்டுக் கைபேசியின் மொபைல் இணைப்பில், தனிப்பட்ட சாளரத்தில் திறந்து பார்க்க வேண்டும். முகப்புப் பக்கத்தோடு நிறுத்திவிடாமல், ஒரு படத்தின் நேரடி முகவரி, ஏபிஐயின் ஒரு முகவரி, இல்லாத ஒரு பக்கம், "டாட் கிட்" கோப்புறை ஆகியவற்றையும் கேட்டுப் பார்க்க வேண்டும். எல்லாவற்றுக்கும் 401 வர வேண்டும். இல்லாத பக்கத்துக்கு 404 வந்தால், அந்தக் கோரிக்கை பூட்டைத் தாண்டி உள்ளே போய்விட்டது என்று பொருள். பிறகு எண்முகவரியையும், அதன்மேல் 8080, 3000 போன்ற வழக்கமான போர்ட்டுகளையும், ஐபி ஆறாம் பதிப்பு முகவரியையும் தனித்தனியாகத் தட்டிப் பார்க்க வேண்டும். அமைப்பை மாற்றும் ஒவ்வொரு முறையும் இதைக் கையால் செய்ய யாருக்கும் பொறுமை இருக்காது. வேறொரு கணினியிலிருந்து தினமும் ஒருமுறை இவற்றைக் கேட்டு, 401 அல்லாத பதில் வந்தால் தகவல் சொல்லும் பத்து வரி நிரலை எழுதி வைத்துவிடலாம்.

தளத்தின் வேலை முடிந்து அதை எடுத்துவிடும்போது, சர்வரை அழிப்பதற்கு முன் டிஎன்எஸ் பதிவை அழிக்க வேண்டும். வாடகைச் சர்வரைத் திருப்பிக் கொடுத்ததும் அதன் ஐபி முகவரி வேறொரு வாடிக்கையாளருக்குப் போய்விடும். உங்கள் துணை டொமைன் இன்னமும் அந்த முகவரியையே காட்டிக்கொண்டிருந்தால், அதைப் பெற்றவர் உங்கள் பெயரில் ஒரு தளத்தை நடத்தலாம். எச்டிடிபி வழி நிரூபணத்தில் தேறி, அந்தப் பெயருக்கு முறையான சான்றிதழே வாங்கிவிடலாம். அப்படி ஒன்று நடந்தால் அதுவும் அந்தப் பொதுப் பதிவேட்டில் ஏறும் என்பதால், உங்கள் டொமைனின் பெயரில் புதிதாக வரும் சான்றிதழ்களை மின்னஞ்சலில் அறிவிக்கும் கண்காணிப்புச் சேவை ஒன்றில் பதிந்து வைத்துக்கொள்வது வீண்போகாது.